பைய

கடைக்கு வருகிறவர்கள் போனை அப்படியே நீட்டுவார்கள்,
பூட்டு இல்லாமல்.
பூட்டு இருந்தால் அதையும் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள்,
ரீசார்ஜுக்கு நிற்கிற நாலு பேருக்கும் கேட்க:
மகன் பிறந்த வருஷம். வண்டி நம்பர்.
ஒருவர் ஏடிஎம் அட்டையின் முதுகிலேயே
பின் நம்பரைப் பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறார்.
"மறந்திரும்லா" என்கிறார்.

வீரவநல்லூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே
கவரும் சார்ஜரும் விற்கிற கடை,
எனக்குச் சம்பளம் ஒன்பதாயிரம்.
தின்னரில் துணியை நனைத்து
பச்சை மையைத் துடைத்துக் கொடுத்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

இதற்கு முன்னால் பார்த்த வேலையில்
நான் தளவாய் இல்லை, அரவிந்த்.
பதவி: சரிபார்ப்பு அதிகாரி.
வண்ணார்பேட்டை லாட்ஜில் நேர்காணல்,
டேட்டா என்ட்ரி, மாசம் எழுபதாயிரம்.
பாங்காக் வரைக்கும் விமானம்;
பிறகு ராத்திரியில் ஓர் ஆறு,
நம் ஆற்றைவிட அகலம் குறைவு.
அக்கரையில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள்.

ஒரே ஹாலில் நாற்பது ஹெட்போன்.
சுவர்க் கடிகாரம் இந்திய நேரம் காட்டியது.
பட்டியலில் எல்லாம் இருந்தது:
பெயர், பிறந்த தேதி, பி.எஃப். எண், வாரிசு.
அச்சடித்த தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும்.
"உங்கள் கணக்கு இன்று மாலைக்குள் முடக்கப்படும்."
முக்கால்வாசிப் பேர் வைத்துவிடுவார்கள்.
நாளைக்கு மூன்று ஆள் விழாவிட்டால்
தண்ணீர் கேனோடு ஐந்து மாடி ஏறி இறங்க வேண்டும்,
சோறு கிடையாது.

பதினோராம் நாள்,
முக்கூடல் சங்கரவடிவு. வாரிசு: ரோஷினி, மகள்.
பின்னால் பீடி இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம்.
அவள் வங்கி அட்டை எண்ணை மடமடவென்று சொல்ல,
தாளில் இல்லாத ஒரு சொல்
என் வாயிலிருந்து விழுந்தது:
"பைய சொல்லுங்க."

கத்தரி நின்றது.
"பையன்னா சொன்னீய? ஐயா நம்ம பக்கமா?
அதான பாத்தேன். எவனோன்னுல்லா பயந்துட்டேன்.
மெசேஜ் வந்திருக்கு, எனக்குக் கண்ணு தெரியல,
இருங்க, மவள வாசிக்கச் சொல்லுதேன்."

பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிப்பதுபோல
ஒவ்வொன்றாக வாசித்தாள் அந்தப் பிள்ளை, ஆறு எண்கள்.
அடுத்த வரியையும் விடவில்லை:
"டு நாட் ஷேர் திஸ் வித் எனிஒன்."
"அப்படின்னா என்னட்டி?"
"யாருட்டயும் சொல்லக் கூடாதாம்."
"இவுக யாரோவாட்டி?"

அறுபத்திரண்டாயிரத்து நானூறு.
எனக்காக மணி அடித்தார்கள், கை தட்டினார்கள்.
அன்றைக்குக் கோழி கிடைத்தது.
தின்றேன்.

சுவரில் கன்னம் வைக்கிறவனுக்காவது
கோலும் இருட்டும் வேண்டும்.
மறுநாள் தாளைத் தூக்கி ஓரத்தில் வைத்தேன்.
எல்லோரிடமும் 'பைய' என்றேன்.
தெரிந்தேதான்.

மீட்டுக் கூட்டிவந்த பிறகு
பாளையங்கோட்டையில் வாக்குமூலம்.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்: பாதிக்கப்பட்டவர்.
ஏட்டு அதில் டிக் அடித்தார்.
நான் குறுக்கே பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கூடலுக்குப் பஸ் ஏறினேன்.
அவள் பிறந்த தேதி தெரியும், மகள் பெயர் தெரியும்,
தெரு தெரியாது. பட்டியலில் அது இல்லை.
ஒரு டீ குடித்துவிட்டு
அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

இன்றைக்குக் கடையில் ஒரு பெண்,
காதில் போன், கையில் பாஸ்புக்.
"பேங்குல இருந்து பேசுதாவ தம்பி, நம்பர் கேக்காவ."
வைங்க என்றேன்.
"இல்ல, நல்ல பிள்ளையாட்டுத் தெரியுது, நம்ம ஊருப் பேச்சு."
ஸ்பீக்கரில் போட்டாள்.
"அவசரமில்லம்மா, பைய சொல்லுங்க."

வாங்கிக் காதில் வைத்தேன்.
"ஏல, நீ எந்த ஊரு?"

மூச்சு மட்டும் கேட்டது.
அவனுக்குப் பின்னால் எங்கோ
வேறு யாருக்கோ மணி அடித்தார்கள்.